சுங்கை சிப்புட்டில் வங்கியிடம் நேரடியாக வாங்கிய வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட், முன்பு ரப்பரும் இப்போது செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறப் பட்டணம். அங்குள்ள தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டி வந்த ஒருவர், 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 58 வயதை நிறைவு செய்திருந்தார். குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததால் அவருக்கு இன்னும் ஓராண்டுக்குச் சற்று அதிகமான வேலைக்காலம் மீதமிருந்தது. வேலை முடியும் நாளில் தோட்ட வீட்டின் சாவியையும் நிர்வாகத்திடம் கொடுத்துவிட வேண்டும். மலேசிய அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் இந்த ஓட்டுநரின் தந்தையும் பங்கு வாங்கியிருந்தார். அந்தப் பங்குச் சான்றிதழைத் தவிர, நிலம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக எதுவும் இருந்ததில்லை.

கையில் இருந்தது ஊழியர் சேம நிதியில் சேர்ந்த சுமார் 78,000 ரிங்கிட். ஈப்போவில் தாதியாகப் பணிபுரியும் மகள் 15,000 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருந்தார். மனைவியிடம் சிறுசேமிப்பாக 7,000 ரிங்கிட் இருந்தது. ஆக மொத்தம் ஒரு லட்சம். பட்டணத்தை ஒட்டிய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) ஒற்றை மாடி வரிசை வீடுகள் அப்போது 130,000 முதல் 140,000 ரிங்கிட் வரை விலை பேசப்பட்டன. இந்த வயதில் அவருக்கு நீண்ட காலக் கடன் கிடைக்காது என்பது வங்கிக்குப் போகும் முன்பே தெரிந்த செய்தி.

நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சொத்துரிமை மாற்றப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓட்டுநரின் மனைவி எனக்குத் தூரத்து உறவு. இந்த விவகாரத்தில் தொடக்கம் முதல் உடனிருந்தேன்; இதில் நேர்ந்த முதல் பிழையும் என்னுடையதுதான்.

வீடும் அதன் காகித நிலையும்

2018 ஜனவரியில் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் என்னை அழைத்தார். ஊரில் எல்லாரும் சொல்வது போல அவரும் ‘லேலோங் வீடு’, அதாவது ஏலத்துக்கு வந்த வீடு, என்றே சொன்னார். விசாரித்தபோது, 2017 ஜூனில் 140,000 ரிங்கிட் ஒதுக்கு விலையில் (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) முதல் ஏலத்துக்கு வந்த வீடு அது என்று தெரிந்தது. ஆள் வராத ஒவ்வொரு முறையும் பத்து விழுக்காடு குறைந்து 126,000, 113,400 என இறங்கி, நான்காவது ஏலத்தில் 102,060 ரிங்கிட்டுக்கும் கேட்பாரின்றி நின்றிருந்தது.

இதில் ஒரு வேறுபாட்டை முதலில் விளக்கிவிட வேண்டும். தனிக் கிராண்ட் (அந்த வீட்டுக்கான தனி நில உரிமைப் பத்திரம்) வெளியாகி, அதன்மேல் வங்கி அடமானப் பதிவு செய்திருந்தால், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ விற்பனை ஆணை பெற்றுத்தான் வங்கி அதை விற்க முடியும். அப்படிப்பட்ட நீதிமன்ற ஏலத்தில் வாங்குபவர் மீதிப் பணத்தை 120 நாள்களுக்குள் கட்டியாக வேண்டும். அந்தக் கெடுவை நீட்டிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இந்த வீட்டுக்கோ தனிக் கிராண்டே வரவில்லை. தாமான் முழுவதும், வீடுகளைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரின் பெயரிலிருந்த தாய்க் கிராண்டிலேயே கிடந்தது. கடன் வாங்கியவர் தம் கொள்முதல் ஒப்பந்த உரிமையை முழுமையாக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வங்கி வட்டாரத்தில் ‘லாகா’ என்று சொல்லப்படும் வகை இது. இவ்வகையில் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் போடலாம். ஏலம் போகாவிட்டால் ஒருவரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தும் விற்கலாம். ‘வங்கிக்குச் சொந்தமான வீடு’ என்று நாம் பேச்சில் சொன்னாலும், வங்கியிடம் இருப்பது வீட்டின் கிராண்ட் அல்ல, அந்த வீட்டைப் பெறும் உரிமை எழுதப்பட்ட காகிதம் மட்டுமே. அதைத்தான் அது விற்கிறது.

நில அலுவலகத்தில் தாய்க் கிராண்டைத் தேடிப் பார்த்தோம். 99 ஆண்டுக் குத்தகை, அதில் 73 ஆண்டுகள் மீதமிருந்தன. வேறு யாரும் உரிமை கோரி இட்ட தனியார் எச்சரிக்கைப் பதிவு எதுவும் இல்லை. நிறுவனப் பதிவகத்தில் தேடியபோதுதான் மேம்பாட்டு நிறுவனம் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டு, அதன் சொத்தையும் கடனையும் தீர்த்துவைக்கும் கலைப்பாளர் ஒருவரின் பொறுப்பில் இருப்பது தெரிய வந்தது. நான்கு ஏலங்களிலும் ஆள் வராததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன். கிராண்ட் இல்லாத, மேம்பாட்டாளரும் இல்லாத வீட்டுக்கு வேறு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். நம் ஓட்டுநரிடம் இருந்ததும் ரொக்கம்தான்.

முதல் பார்வை

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணியளவில் மூவரும் வீட்டைப் பார்க்கப் போனோம். வங்கி சாவி தராது. வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஏல ஆவணத்தோடு இணைந்திருந்த மதிப்பீட்டாளர் குறிப்பு, உள்ளே செல்ல இயலவில்லை என்றும் வீடு காலியாக இருப்பதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. நாங்கள் பார்த்தபோதும் வாசல் பூட்டியிருந்தது. சன்னல்கள் மூடியிருந்தன, மின்மானி நின்றிருந்தது. கூரைத் தகடுகளில் இரண்டு நழுவியிருந்ததையும், பின்பக்கக் கழிவுநீர்த் தொட்டியின் மூடி உடைந்திருந்ததையும் ஓட்டுநர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வேலியின் மூலையில் ஒரு மாமரம். அதன் அடியில் செங்கல் மேடை, அதன் மேல் மஞ்சள் துணி கட்டிய முனீஸ்வரர் கல்லும் சிறிய சூலமும். சூலத்தின் முனையில் எலுமிச்சம்பழம் ஒன்று குத்தியிருந்தது. பழம் வாடவில்லை, தோல் இன்னும் பளபளவென்று இருந்தது. கற்பூரம் ஏற்றிய தட்டில் கரி புதிதாகப் படிந்திருந்தது. அக்கம்பக்கத்தார் யாரோ விளக்கு வைக்கிறார்கள் போலும் என்று நான் சொன்னேன். மற்ற இருவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். வாசல் பூட்டில் துரு ஏறாமல் இருந்ததும், பக்கத்து வீட்டிலிருந்து சுவர்மேல் ஏறி இந்த வீட்டுச் சமையலறைக் காற்றுத் துளைக்குள் கறுப்பு மின்கம்பி ஒன்று நுழைந்திருந்ததும் எங்கள் கண்ணில் பட்டவைதான். கண்டவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல், ‘காலி’ என்ற காகிதச் சொல்லை நம்பி அன்று திரும்பினோம்.

ஐந்தாவது ஏலமா, நேரடி விலையா

ஐந்தாவது ஏலம் நடந்தால் ஒதுக்கு விலை 91,854 ரிங்கிட்டாக இறங்கியிருக்கும். அதுவரை காத்திருப்பதா, இப்போதே வங்கிக்கு விலை எழுதிக் கொடுப்பதா என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. காத்திருக்கலாம் என்றார் மகள். நேரடியாகக் கேட்கலாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. விலை ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வீடு வாங்கி விற்பவர்களின் கண்ணில் அது படும்; அவர்களோடு ஏலத்தில் போட்டியிட்டால் ஒரு லட்ச வரம்பை ஓட்டுநரால் காக்க முடியாது. மேலும், ஏலத்தில் நிபந்தனைகளை மாற்ற இடமில்லை. கையை உயர்த்துவதோடு எல்லாம் முடிந்துவிடும். நேரடி ஒப்பந்தத்திலோ, வங்கி ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், கேட்டுப் பார்க்கவாவது முடியும்.

பிப்ரவரி இறுதியில் 88,000 ரிங்கிட் விலை குறிப்பிட்டு, அதன் பத்து விழுக்காட்டுக்கு வங்கி வரைவோலை இணைத்து, கடிதம் கொடுத்தோம். 98,000 வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களுக்குப் பிறகு 95,000 ரிங்கிட்டில் முடிந்தது. வங்கியின் உள்குழு ஒப்புதல் தர ஐந்து வாரமாயிற்று. ஐந்தாவது ஏலத்தின் ஒதுக்கு விலையைவிட இது 3,146 ரிங்கிட் அதிகம். அந்தத் தொகைக்கு எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் எல்லா ஆவணங்களையும் படிக்க அவகாசம், ஒப்பந்த நாள்வரை நிலுவையிலிருந்த கதவு வரியை (நகராண்மைக் கழகத்தின் வீட்டு வரி) வங்கியே ஏற்கும் என்ற விதி. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்றும் கேட்டோம். அதை மட்டும் வங்கி ஏற்கவில்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொற்றொடர் அந்தப் பதில் கடிதத்தில் நான்கு இடங்களில் இருந்தது.

ஒப்புதல் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும். தவறினால் 9,500 ரிங்கிட் முன்பணம் வங்கிக்குப் போய்விடும்.

வீட்டில் ஆள் இருந்தது தெரிய வந்தபோது

அந்த 14 நாள்களுக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை, அந்திப் பொழுதில் ஓட்டுநரும் அவர் மனைவியும் அந்த வழியாகக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். மாமரத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளும் வெளிச்சம். வாசலில் ஒரு சிறுவன் பள்ளிச் சீருடையோடு மிதிவண்டிச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தந்தை, செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநராக இருந்தவர். 2014-இல் விபத்தில் கால் முறிந்து வேலை இழந்தவர். மறு ஆண்டு கடன் தவணை நின்றது. மனைவி கையுறைத் தொழிற்சாலையில் பகல் வேலைக்குப் போய்விடுவார், பையன் பள்ளிக்கு, இவர் காலை வேளையில் சிகிச்சைக்கோ கிடைத்த சில்லறை வேலைக்கோ. பகலில் வீடு பூட்டியிருந்ததற்கும், மதிப்பீட்டாளர் ‘காலி’ என்று எழுதியதற்கும் காரணம் இவ்வளவுதான்.

இரண்டு குடும்பங்களுக்கும் ஒருவரையொருவர் முகம் தெரியும். ஒரே கோயிலின் தீமிதித் திருவிழாவில் இருவரும் வடம் பிடித்தவர்கள். பெரிய நகரத்தில் வாங்குபவருக்கும் வீட்டிலிருப்பவருக்கும் நடுவே வழக்கறிஞர் கடிதம் மட்டும் போய்வரும். இங்கே அப்படி நடக்க வழியில்லை.

மூன்று நாள் கழித்து நான் உடன்போக, ஓட்டுநர் அந்த வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து வங்கிக் கடிதங்களை எடுத்து வைத்தார்; பெரும்பாலானவை பிரிக்கப்படவே இல்லை. நான்காவது ஏலத்துக்குப் பிறகு புதிய ஏல அறிவிப்பு ஒட்டப்படாததால், பேச்சு நின்றுபோய்விட்டது என்று அவர் நம்பியிருந்தார். நேரடி விற்பனைக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டுவதில்லை. கடனைக் கட்டி மீட்க வழி உண்டா என்று அவர் கேட்டார். வட்டியோடு நிலுவை 118,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. அதை எண்ணாகச் சொன்னபோது அவர் மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை. வீடு 95,000-க்கு விற்றபின் எஞ்சும் கடனும் அவர்மேல்தான் நிற்கும் என்பதை அன்று நான் சொல்லவில்லை. பிறகு அவரைத் தனியே அழைத்து, எழுதித் தந்தேன்.

“பையனுக்கு செப்டம்பர்ல யூ.பி.எஸ்.ஆர். இருக்கு அண்ணே. அது முடியட்டும், அதுக்கப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டோம்” என்றார். யூ.பி.எஸ்.ஆர். என்பது தொடக்கப் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அப்போது நடந்துவந்த அரசுத் தேர்வு.

எதிரிலிருந்த வழிகள்

அன்றிரவு ஓட்டுநரின் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விலகிக்கொள்வது முதல் வழி. 9,500 ரிங்கிட் போகும், அதாவது அவருடைய மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. வாங்கிவிட்டு நீதிமன்றம் போவது இரண்டாவது. அனுமதியின்றி நிலத்தில் இருப்பவரிடமிருந்து உடைமையைப் பெற 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89-ஆவது ஆணை சுருக்க வழக்குக்கு இடம் தருகிறது. எங்கள் வழக்கறிஞர் அதற்குச் செலவு ஏறத்தாழ 7,000 ரிங்கிட் என்றும், கால அளவு ஆறு மாதம்வரை போகலாம் என்றும் கணித்தார். பூட்டை மாற்றுவது, கூரைத் தகட்டைக் கழற்றுவது போன்ற கைவேலைகள் பற்றி உறவினர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அப்படிச் செய்தால் வழக்கில் நிற்கப்போவது வீட்டிலிருப்பவர் அல்ல, நீங்கள்தான் என்று வழக்கறிஞர் எச்சரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேசி முடிப்பதுதான் நாங்கள் தேர்ந்த வழி. இரக்கம் இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓட்டுநரின் மனைவிக்கு அதுவே பெரிய காரணம். ஆனால், கணக்கும் அதே பக்கம்தான் நின்றது. ஓட்டுநருக்கு வீடு தேவைப்படுவது 2019-இல்; அக்டோபர்வரை காத்திருப்பதால் அவருக்கு நட்டமில்லை. வழக்குச் செலவைவிடக் குறைவான தொகையை வீட்டிலிருப்பவருக்கே கொடுத்தால், அந்தக் குடும்பம் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டிக்கொள்ளும். வீடும் உடைபடாமல் கைக்கு வரும். 4,000 ரிங்கிட் என்று முடிவாயிற்று. வாடகை வீடு பார்த்ததும் 1,500, சாவியைக் கொடுக்கும்போது 2,500. வீட்டைவிட்டு வெளியேறும் நாள், பணம் தரும் முறை, கதவு, மின்கம்பி, தண்ணீர்க்குழாய் எதையும் கழற்றாமல் விடுவது ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் எழுதினோம். கோயில் தலைவர் சாட்சியாக இருக்க, வீட்டிலிருந்தவர் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழி அளித்தார். இவ்வளவும் முடிந்த பிறகே, 2018 ஏப்ரல் 18 அன்று, 14 நாள் கெடுவின் கடைசி நாளில், ஓட்டுநரும் மகளும் வங்கியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

கல்லைப் பற்றிய பேச்சு

எழுதாமல் விட்ட ஒன்று இருந்தது. மே மாதத்தில் வீட்டிலிருந்தவர் தாமே வந்து கேட்டார். “அந்தக் கல்லை நான் தூக்கிட்டுப் போக முடியாதுண்ணே, வாடகை வீட்டுக்காரன் சீனன், உள்ளே விடமாட்டான். நீங்களும் தூக்கிப் போட்டுடக் கூடாது.” அவருடைய தந்தை தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்த கல் அது. ஓட்டுநர் சைவ உணவு உண்பவர். அந்த மேடையிலோ ஆண்டுக்கு ஒருமுறை சேவல் பலியிடுவது வழக்கம். ஆகவே அதை அப்படியே வைத்துக்கொண்டு வழிபடவும் அவரால் இயலாது.

விலை, வட்டி, வரி ஆகிய எல்லாவற்றையும்விட இந்தப் பேச்சுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இறுதியில் பழைய தோட்டத்திலேயே இருக்கும் முனீஸ்வரர் கோயிலின் பூசாரி, கல்லை அங்கே ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தார். பூசைக்கும் வண்டிக்கும் 350 ரிங்கிட். அதை ஓட்டுநர் ஏற்றார்.

கலைப்பாளரின் உறுதிக் கடிதம்

வங்கி எழுதித் தரும் உரிமை மாற்றுப் பத்திரம் செல்லுபடியாக, மேம்பாட்டாளரின் பதிவேட்டிலும் அது ஏற வேண்டும். வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் 1966-இன் 22டி பிரிவு, இத்தகைய உரிமை மாற்றத்துக்கு வேண்டிய உறுதிக் கடிதத்தை மேம்பாட்டாளர் 21 நாள்களுக்குள் தர வேண்டும் என்றும், அதற்கு 50 ரிங்கிட்டுக்கு மேல் கட்டணம் பெறக் கூடாது என்றும் சொல்கிறது. ஏப்ரல் 23 அன்று எங்கள் வழக்கறிஞர் விண்ணப்பித்தார். கலைப்பாளர் அலுவலகத்திலிருந்து வந்த முதல் பதில், நிருவாகக் கட்டணமாக விலையில் இரண்டு விழுக்காடு, அதாவது 1,900 ரிங்கிட் கேட்டது. சட்டப் பிரிவைச் சுட்டிப் பதில் எழுதினோம். பிறகு பழைய கொள்முதல் ஒப்பந்தத்தின் மூலப்படி கேட்டார்கள். வங்கி அதைத் தேடித் தர மூன்று வாரமாயிற்று. கடைசியில் 50 ரிங்கிட் பெற்றுக்கொண்டு கடிதம் தந்த நாள் ஆகஸ்ட் 6. சட்டம் சொன்னது 21 நாள். ஆனது 105 நாள்.

இதற்கிடையில் மீதி 85,500 ரிங்கிட்டைக் கட்ட வேண்டிய 90 நாள் கெடு ஜூலை 17 அன்று முடிந்தது. பணம் தயாராகவே இருந்தது. ஆனால், உறுதிக் கடிதம் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், வங்கிக்கு இந்த விவகாரத்தில் மேற்கொண்டு எந்த அவசரமும் இருக்காது. பழைய ஆவணங்களைத் தேடித் தரும் வேலையும் அப்படியே நின்றுவிடும் என்று வழக்கறிஞர் கருதினார். ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டியில் 30 நாள் நீட்டிப்பு பெற்று, கடிதம் வந்தபின் ஆகஸ்ட் 10 அன்று கட்டினோம். 24 நாள்களுக்கு 449 ரிங்கிட் 75 சென் வட்டி. அந்த முடிவு சரியே என்று இன்றும் நினைக்கிறேன். அதைச் செய்த விதத்தில்தான் குறை இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கதவு வரி நிலுவை 1,140 ரிங்கிட்டை வங்கி ஏற்றதாகச் சொன்னேன் அல்லவா? மீதிப் பணம் கட்டும் முன்பே நகராண்மைக் கழகத்தின் நிலுவைச் சீட்டைக் காட்டிக் கோரினால்தான் அது செல்லும் என்பது ஒப்பந்தத்தின் பதினோராவது பக்கத்தில் இருந்தது. மகள் ஆகஸ்ட் 8 அன்று அதை மீண்டும் படித்ததால் தப்பினோம். குடிநீர் நிலுவை 386 ரிங்கிட் அந்த விதிக்குள் வராததால் ஓட்டுநரின் பணத்திலிருந்து போயிற்று.

சாவி கைக்கு வந்த நாள்

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு செப்டம்பரில் முடிந்தது. அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை மாலை பூசாரி வந்தார். கல்லை மஞ்சள் துணியில் சுற்றி லாரியின் முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனார். மறுநாள் அந்தக் குடும்பம் வெளியேறியது. சாவியோடு, அண்டை வீட்டிலிருந்து இழுத்த கறுப்புக் கம்பியையும் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அண்டை வீட்டாருக்குத் தர வேண்டிய மின்கட்டணம் 120 ரிங்கிட்டைத் தம் பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். எழுதிய உடன்பாட்டில் இல்லாத இந்தக் கடனை அவராக நினைவில் வைத்துச் சொன்னது, ஓட்டுநர் இதுவரை பலரிடம் சொல்லிவரும் செய்தி.

விற்பனை ஆவணத்தைக் காட்டிப் புதிய பெயரில் மின்கணக்கு திறந்தோம். பழைய வீட்டுக் கம்பிகள் முழுவதும் மாற்ற வேண்டியிருந்தன. கூரை, கம்பி, கழிவுநீர்த் தொட்டி, வண்ணம் ஆகியவற்றுக்கு 11,200 ரிங்கிட் ஆயிற்று. வெளியிலிருந்து பார்த்து நாங்கள் ஒதுக்கியிருந்தது 5,000.

முத்திரை வரியிலும் ஒரு கணக்கு தவறிற்று. 95,000-க்கு ஒரு விழுக்காடு, 950 ரிங்கிட் என்று நினைத்திருந்தோம். நேரடி ஒப்பந்த விற்பனை என்பதால் மதிப்பீட்டுத் துறையின் கணிப்பைக் கேட்டார்கள். சந்தை மதிப்பு 130,000 என வந்தது. முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடும், எஞ்சிய 30,000-க்கு இரண்டு விழுக்காடுமாக 1,600 ரிங்கிட். மகளின் பெயரில் ஏற்கெனவே ஈப்போவில் அடுக்குமாடி வீடு இருந்ததால், முதல் வீட்டுக்கான சலுகையைக் கோர முடியவில்லை. மகளைப் பத்திரத்தில் சேர்க்காமல், அவர் தந்த 15,000-ஐத் தனியாக எழுதிக்கொண்டிருக்கலாம். அது எங்களுக்குத் தோன்றவில்லை.

வழக்கறிஞர் கட்டணமும் சில்லறைச் செலவும் 1,480. எல்லாம் சேர்த்து வீடு குடியேறும் நிலைக்கு வந்தபோது 114,516 ரிங்கிட் செலவாகியிருந்தது. ஒரு லட்ச வரம்பைத் தாண்டிய 14,516 ரிங்கிட்டில் ஒரு பகுதி மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போனதால் கிடைத்தது. அந்த நகைகள் 2019 தீபாவளிக்கு முன் மீட்கப்பட்டன. அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடு அந்த ஆண்டு 135,000-க்குக் கைமாறியது.

ஓட்டுநர் 2019 ஜனவரியில் குடியேறினார். ஆறு மாதம் கழித்து ஓய்வு பெற்றபோது தோட்ட வீட்டின் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஒரு கறிவேப்பிலைச் செடியை மட்டும் வேரோடு எடுத்து வந்தார்.

மீண்டும் செய்வதாக இருந்தால்

விலை எழுதிக் கொடுக்கும் முன் வீட்டைப் பகலில் ஒருமுறையும், வெள்ளிக்கிழமை அந்தியில் ஒருமுறையும் போய்ப் பார்ப்பேன். அண்டை வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பேன். ‘காலி’ என்று மதிப்பீட்டாளர் எழுதுவது, அவர் வந்த அந்த நேரத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்பதையே குறிக்கும். வீட்டில் ஆள் உண்டு என்று பிப்ரவரியிலேயே தெரிந்திருந்தால், அந்த 4,000 ரிங்கிட்டை விலையிலிருந்து குறைத்துக் கேட்டிருக்கலாம். வங்கியும் பெரும்பாலும் இறங்கி வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உறுதிக் கடிதத்துக்கு, விலை ஒப்புதல் வந்த அன்றே கலைப்பாளருக்கு முன்கூட்டி எழுதி, என்னென்ன படிகள் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டிருப்பேன். மீதிப் பணத்தைக் கெடு நாளிலேயே வழக்கறிஞரிடம் பொறுப்புப் பணமாக வைத்து, கடிதம் வந்தால்தான் வங்கிக்குச் செல்லும் என்ற விதியை ஒப்பந்தத்தில் கேட்டிருப்பேன். 449 ரிங்கிட் வட்டியைக் கட்ட வேண்டியிருந்திருக்காது. வாங்குபவர்கள் யார் யார் என்பதை முத்திரை வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். பழுதுபார்க்க ஒதுக்கும் தொகையை, வெளியிலிருந்து பார்த்துத் தோன்றியதன் இரு மடங்காக வைப்பேன்.

பேசி முடித்த வழியை மாற்ற மாட்டேன். வீட்டிலிருந்தவரிடம், எஞ்சிய கடன் அவர்மேல் நிற்கும் என்பதை முதல் நாளிலேயே சொல்லாமல் ஒத்திப்போட்டதை மட்டும் மாற்றுவேன். அவர் அதன்பின் வங்கியோடு மாதம் 200 ரிங்கிட் தவணைக்கு உடன்பட்டார். ஆறு மாதம் முன்பே தெரிந்திருந்தால், அந்த 4,000-இல் ஒரு பகுதியை அதற்கு வைத்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார்.

2020 தொடக்கம்வரை தனிக் கிராண்ட் வரவில்லை. முத்திரையிட்ட உரிமை மாற்றுப் பத்திரமும் கலைப்பாளரின் கடிதமும் ஓட்டுநரின் அலமாரியில், தந்தையின் கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ் இருக்கும் அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மாமரத்தடி மேடை வெறுமையாக உள்ளது. கறிவேப்பிலைச் செடியை அவர் அதற்கு அப்பால், வேலியோரம் நட்டிருக்கிறார்.